இரத்தபேதிக் கொள்ளைநோயில் மருந்தெதிர்ப்பை அறிந்து மருந்தைத் தேர்வது எப்படி?

இரத்தபேதியைப் பெருங்கொள்ளைநோயாகப் பரப்பும் முதன்மைக் கிருமி ஷிகெல்லா டிசென்டெரியே வகை 1 ஆகும். 1979 முதல் மத்திய ஆப்பிரிக்காவில் பரவிய இக்கிருமியிடம் டெட்ராசைக்ளின், ஆம்பிசிலின், கோட்ரைமாக்சசோல் ஆகிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்றன. 1994-இல் ஜயர் நாட்டின் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) கோமா (Goma) நகர முகாம்களில் ருவாண்டா அகதிகள் நோயுற்றபோது, நாலிடிக்சிக் அமிலம் என்ற மருந்தும் கைகொடுக்கவில்லை. எனவே, முந்தைய கொள்ளைநோயில் பலித்த மருந்து என்பதற்காக எதையும் நம்பிவிடாமல், இப்போது பரவும் கிருமி எதற்குக் கட்டுப்படுகிறது என்பதை நலப்பணியாளர் முதலில் அறிய வேண்டும்.

இரத்தம் கலந்த பேதி தொடங்கி நான்கு நாட்களுக்குள் இருப்பவர்களாகவும், நுண்ணுயிர்க்கொல்லி எதையும் இன்னும் உட்கொள்ளாதவர்களாகவும் பார்த்து, 10 முதல் 20 பேரிடம் மலமாதிரி எடுக்க வேண்டும். சளியும் இரத்தமும் உள்ள பகுதியையே பஞ்சுக்குச்சியில் தொட்டெடுக்க வேண்டும். ஷிகெல்லா உடலுக்கு வெளியே விரைவில் மடிந்துவிடும். ஆகவே இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தை அடைய முடியாதெனில், கிருமியை உயிரோடு காத்து எடுத்துச்செல்ல உதவும் கேரி-பிளேர் ஊடகத்தில் குச்சியைச் செருகிக் குளிர்ப்பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். கிருமி வளரவில்லை என்று வரும் அறிக்கைகளில் பலவற்றுக்கு இந்த இடத்தில் நேரும் அலட்சியமே காரணம் என்பது என் கருத்து.

ஆய்வகத்தில் வட்டுமுறைச் சோதனை (மருந்து தோய்த்த சிறு வட்டுகளைக் கிருமி வளரும் தட்டில் வைத்து, எது வளர்ச்சியைத் தடுக்கிறது என்று பார்ப்பது) செய்யும்போது, சிப்ரோஃப்ளாக்சசினுடன் நாலிடிக்சிக் அமில வட்டையும் வைக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், நாலிடிக்சிக் அமிலத்தை எதிர்க்கும் கிருமி, சோதனையில் சிப்ரோஃப்ளாக்சசினுக்குக் கட்டுப்படுவதாகத் தெரிந்தாலும், சிப்ரோஃப்ளாக்சசினுக்கான எதிர்ப்பின் முதற்படியை ஏற்கெனவே கடந்திருக்கக்கூடும்.

முடிவு வரச் சில நாட்கள் ஆகும். அதுவரை சிகிச்சையை நிறுத்திவைக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2005-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் சிப்ரோஃப்ளாக்சசினையும், குழந்தைகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராமையும் நாளுக்கு இருவேளை, மூன்று நாட்கள் தரச் சொல்கிறது. 48 மணி நேரத்தில் பேதியின் எண்ணிக்கை, இரத்தம், காய்ச்சல் ஆகியவை குறைந்து பசி திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையெனில் மருந்தெதிர்ப்பைச் சந்தேகித்து, சோதனை முடிவுக்கேற்ப செஃப்ட்ரையாக்சோன், பிவ்மெசில்லினாம், அசித்ரோமைசின் ஆகியவற்றில் ஒன்றுக்கு மருத்துவர் மாற்றுவார். இரத்தபேதி என்றதும் பலர் நீட்டும் மெட்ரோனிடசோல், அமீபாவுக்கு உரியதேயன்றி ஷிகெல்லாவை ஒன்றும் செய்யாது. பேதியைக் கட்டும் மாத்திரைகளையும் இந்நோயில் தரக் கூடாது.