செயற்கை மூட்டில் சீழா? வெள்ளணு ஸ்கேன் செய்யும் முறை

மூட்டு மாற்றிய பிறகும் வலிக்கிறது என்றால் உலோகம் தளர்ந்ததா, கிருமி புகுந்ததா? சாதாரண எலும்பு ஸ்கேன் இரண்டுக்குமே பளிச்சிடும். வெள்ளணு ஸ்கேன் கிருமியைத் தேடுவதில்லை. நோயாளியின் வெள்ளணுக்கள் மேல் டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றி அனுப்பி, அவை எங்கே போய்க் கூடுகின்றன என்று பார்க்கிறோம். அதனால் வெள்ளணு அடிபட்டால் ஸ்கேனும் போச்சு.

வெள்ளணு எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 2,000-க்குக் கீழே என்றால் ஆரம்பிக்கவே வேண்டாம். 60 மி.லி. சிரிஞ்சில் 9 மி.லி. ஏசிடி கரைசல் (ரத்தம் உறையாமல் தடுப்பது), அதில் 51 மி.லி. ரத்தம், 20 கேஜைவிட மெல்லிய ஊசி கூடாது. எடுத்த கையோடு பெயரை ஒட்டுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேர் ரத்தம் மேசையில் இருக்கவே கூடாது. ஒருவர் ரத்தம் இன்னொருவருக்கு ஏறுவதைவிடப் பெரிய விபத்து இந்த வேலையில் இல்லை.

15 மி.லி.யைத் தனியே 2,000 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல 2,000 மடங்கு விசையில்) 10 நிமிடம் சுற்றி, அணுவில்லாத பிளாஸ்மாவை எடுத்து வையுங்கள். மீதியில் பத்தில் ஒரு பங்கு 10% ஸ்டார்ச் கரைசல் கலந்து முக்கால் மணி நேரம் அசைக்காமல் விட்டால் சிவப்பணு இறங்கிவிடும். மேலே நிற்பதை 150 ஜி-யில் 5 நிமிடம் சுற்றுங்கள், வெள்ளணுக்கள் அடியில் சேரும். அவசரப்பட்டு வேகத்தைக் கூட்டினால் தட்டணுக்களும் அடியில் சேர்ந்து மருந்தை வாங்கிக்கொள்ளும்.

அந்த வெள்ளணுக்களோடு, டெக்னீசியத்தை அணுவுக்குள் கொண்டுபோகும் எச்.எம்.பி.ஏ.ஓ. மருந்தை அப்போதே கலக்கிச் சேர்க்க வேண்டும்: 740–1,000 மெகாபெக்கரல் (கதிரியக்க அளவு), அறை வெப்பத்தில் 10 நிமிடம். குலுக்க வேண்டாம், சுழற்றினால் போதும். பிளாஸ்மா சேர்த்து மறுபடி சுற்றி, ஒட்டாத மருந்தை நீக்குங்கள். 40–80% ஒட்டியிருக்க வேண்டும். குறைந்தால் பெரும்பாலும் மருந்து கலக்கி நேரமாகியிருக்கும், அல்லது ஏற்றும்போதே பிளாஸ்மா அதிகமாக இருந்திருக்கும். அணுக்கள் கட்டிதட்டியிருந்தால் நோயாளிக்குச் செலுத்தாதீர்கள். அணுக்களைப் பிளாஸ்மாவில் மிதக்கவிட்டு 370–740 மெகாபெக்கரலை மெதுவாகச் செலுத்துங்கள்.

படங்கள் மூன்று: 1 மணி, 4 மணி, 24 மணி நேரத்தில். பிந்தைய படத்திலும் நுரையீரல் தெளியவில்லை, மண்ணீரலைவிடக் கல்லீரல் மின்னுகிறது என்றால் அணுக்கள் அடிபட்டிருக்கின்றன என்று சந்தேகியுங்கள்.

பலரும் சறுக்குவது கடைசிப் படத்தில். டெக்னீசியம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். 4-லிருந்து 24-க்குள் பத்தில் ஒரு பங்காகிவிடும். அங்கே 100 விநாடி எடுத்திருந்தால் இங்கே 1,000 விநாடி எடுங்கள், இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பாருங்கள். வண்ணத்தைக் கையால் கூட்டிக் குறைத்தால் ஒப்பீடே பொய்யாகிவிடும். மூட்டோரத்தில் பரப்போ பிரகாசமோ ஏறினால் தொற்று. மங்கினாலோ அப்படியே நின்றாலோ பெரும்பாலும் வெள்ளணுக்கள் இயல்பாகவே போய்த் தங்கும் எலும்பு மஜ்ஜைதான். தீர்மானிக்க முடியாவிட்டால் மஜ்ஜை இருக்கும் இடத்தை மட்டும் காட்டும் கொலாய்டு மஜ்ஜை ஸ்கேனோடு ஒப்பிடுங்கள்.

முதுகெலும்புக்கு இதைக் கேட்டு அனுப்பினால் திருப்பிவிடுங்கள். அங்கே தொற்று இருந்தும் படம் வெறுமையாக வரலாம். அதற்கு எஃப்டிஜி பெட் (கதிரியக்கச் சர்க்கரை ஏற்றி எடுக்கும் ஸ்கேன்) நல்லது.