கச்சாயம் எண்ணெயில் உதிர்ந்தால் மாவைப் பாருங்கள்

தீபாவளிக்குப் போட்ட கச்சாயம், அதாவது அதிரசம், எண்ணெயில் விழுந்ததும் ஓரம் பிரிந்து உதிர்ந்துபோனது. வடச்சட்டி அடியில் வெறும் கருந்தூள்.

பாகு மேல்தான் முதல் சந்தேகம். தண்ணீரில் விட்டால் மெத்தென்று உருண்டது, பதத்தில் குறையில்லை. கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையை விட்டு சித்தோட்டு உருண்டை வெல்லத்துக்கு மாறினேன். அரிசியை மாற்றினேன், தீயைக் குறைத்தேன். அதே கதைதான்.

கடைசியில் மாட்டியது மாவு. பண்டிகை நெரிசலில் மில் நிற்காமல் ஓடுவதால் மாவு சுடச்சுட வருகிறது. வீடு வந்து சேர்வதற்குள் ஈரம் காய்ந்துவிடுகிறது. பார்வைக்கு நைசாகத்தான் இருக்கும். கையில் இறுக்கிப் பிடித்தால் பிடிகொழுக்கட்டை மாதிரி நிற்காமல் பொலபொலவென்று சரியும்.

பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் துணியில் உலர்த்தி, கையில் ஒட்டுகிற ஈரம் இருக்கும்போதே மிக்சியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்தேன். சலித்த மாவை ஈரத்துணி போட்டு மூடியே வைத்தேன். அதே வெல்லம், அதே பாகு. கிளறிய மாவு ஒரு ராத்திரி ஊறியபின் தட்டிப் போட்டேன், ஒன்றுகூடப் பிரியவில்லை. அப்பாடா!

வெந்ததை இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து மெதுவாக அமுக்குங்கள். சூட்டோடு அமுக்கினால்தான் எண்ணெய் வடியும்.