ஊரில் சுகர் பார்க்கும்போது ‘பார்டர்’காரர்களைத் தவறவிடாமல் இருக்க

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023-ல் சொன்ன கணக்குப்படி, இந்தியாவில் 20 வயதைத் தாண்டியவர்களில் நகரத்தில் 16.4 சதவீதம் பேருக்கும் கிராமத்தில் 8.9 சதவீதம் பேருக்கும் நீரிழிவு. பார்டர் நிலையில், அதாவது நீரிழிவுக்கு முந்தைய கட்டத்தில், இந்த வித்தியாசமே இல்லை: நகரம் 15.4, கிராமம் 15.2. அதாவது ஊரில் சுகர்காரர்களைவிட பார்டர்காரர்கள்தான் அதிகம். முகாமில் கண்டபடி விரல் குத்தினால் நழுவிப் போவதும் அவர்கள்தான்.

முதலில் ஊசி வேண்டாம், டேப் போதும். சுகர் வரும் வாய்ப்பை மதிப்பெண் போட்டுக் கணக்கிடலாம். 35 வயதானால் 20 மதிப்பெண், 50 ஆனால் 30. பெண்ணுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ. தொட்டால் 10, 90 தொட்டால் 20. ஆணுக்கு 90, 100. அப்பா, அம்மாவில் யாருக்குச் சுகர் இருந்தாலும் தலைக்கு 10. உடற்பயிற்சியும் இல்லை, உட்கார்ந்த வேலை என்றால் 30. கூட்டி 60 வந்தால் கட்டாயம் ரத்தம் பார்க்க வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளக்கவும். சேலைக் கொசுவத்தின் மேல் டேப் வைத்தால் கணக்கே மாறிவிடும். “விவசாயம்” என்பவரிடம், வயலில் இறங்குகிறாரா, வரப்பில் நிற்கிறாரா என்றும் கேளுங்கள்.

வெறும் வயிறு மட்டும் பார்த்தால் போதாது. காலையில் சரியாக இருந்து, சாப்பிட்டபின் ஏறுபவர்கள் நிறைய. 8 மணி நேரம் டீகூடக் குடிக்காமல் வரச் சொல்லுங்கள். முதல் ரத்தம் எடுத்தபின் 75 கிராம் குளுக்கோஸை 300 மி.லி. தண்ணீரில் கரைத்து 5 நிமிடத்துக்குள் குடிக்க வைத்து, முதல் வாயிலிருந்து சரியாக 2 மணி நேரம் கழித்து மறுபடி எடுக்கவும். அதுவரை நடை, பீடி கூடாது. ஏற்கெனவே சுகர் மாத்திரை சாப்பிடுபவருக்கு இந்தச் சோதனையே வேண்டாம்.

குத்தும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்கவும். பழம் தொட்ட விரல் 200கூடக் காட்டலாம். ஸ்பிரிட் காயாமல் குத்தினாலும், விரலைப் பிழிந்தாலும் அளவு பிசகும். ஸ்ட்ரிப் டப்பாவை வெயிலில் திறந்து வைக்காதீர்கள். ஊசி ஆளுக்கொன்று, மாற்றாவிட்டால் மஞ்சள் காமாலைக் கிருமி பரவும்.

2 மணி நேர அளவு (மி.கி./டெ.லி.) 140 முதல் 199 வரை பார்டர், 200 அல்லது அதற்கு மேல் நீரிழிவு. வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் நீரிழிவு. குளுக்கோமீட்டரில் 15 சதவீதம் முன்பின் இருக்கலாம் என்பதால், அந்த எண்ணை வைத்து மாத்திரை தொடங்காமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கையின் ரத்தக் குழாயிலிருந்து (சிரை) ரத்தம் கொடுத்து உறுதிசெய்ய அனுப்புங்கள். அங்கே எச்.பி.ஏ.1சி (மூன்று மாதச் சராசரி சுகர்) பார்த்தால், இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை உள்ள பெண்களுக்கு அது பொய்யாக ஏறியிருக்கலாம். ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.