அம்மாச்சி கைப்பக்குவம்: கல்யாணப் பரிசாக ஒரு சமையல் நோட்டு தைத்துக் கொடுப்பது எப்படி?

சித்தி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் வீட்டில் எல்லோரும் மிக்ஸியா, குக்கரா, வெள்ளி விளக்கா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் என்னைத் தனியாக அழைத்துக் கேட்டது ஒன்றுதான். "அக்கா, புனேக்குப் போனப்புறம் அம்மாச்சி வைக்கிற வத்தக்குழம்பு வேணும்னா நான் என்ன பண்றது?"

அவளுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பது அப்போதே முடிவாகிவிட்டது. பேரும் போட்டோவும் அச்சடித்த காபி கோப்பையை யாருக்கு வேண்டுமானாலும் கடையில் அடித்துத் தந்துவிடுவார்கள். ஒருவருக்கென்றே ஒரு பரிசு செய்வதென்றால், அவருக்கு எது இல்லாவிட்டால் மனசு தேடும் என்று தெரிந்திருக்க வேண்டும். நான்கு வார இறுதிகளில், 400 ரூபாய்க்குள் நான் செய்து முடித்த அந்த நோட்டை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். தையல் தெரிய வேண்டியதில்லை. ஓவியமும் தெரிய வேண்டியதில்லை.

படி 1: 12 பண்டங்கள் போதும்

முதலில் ஆசை அறுபது பண்டங்களுக்குப் போகும். வேண்டாம், 12 எடுத்துக்கொள்ளுங்கள். பெறுபவர் ஊருக்கு வந்தால் முதல் நாள் எதைக் கேட்பார், காய்ச்சல் வந்தால் எதைக் கேட்பார், டப்பாவில் எதைக் கட்டிக்கொண்டு போவார் என்று யோசித்தாலே பட்டியல் தானாக வந்துவிடும். எங்கள் பட்டியலில் சுண்டவத்தல் குழம்பு, மிளகு ரசம், பருப்புத் துவையல், கருப்பட்டிப் பணியாரம், அதிரசம் எல்லாம் இருந்தன. இட்லி, சாம்பார் இல்லை. அவை அவளுக்கே நன்றாக வரும்.

படி 2: வாங்க வேண்டியவை

ஏ4 அளவில் 100 ஜிஎஸ்எம் தாள் 8 (ஜிஎஸ்எம் என்பது தாளின் கனத்தைச் சொல்லும் எண்). அட்டைக்கு 300 ஜிஎஸ்எம் தடிமனில் ஒரு பெரிய அட்டைத்தாள். தடித்த பருத்தி நூல், ஒரு கோணி ஊசி, மெழுகுவத்தி, ஃபெவிகால். ஒரு பழைய பருத்திப் புடவைத் துண்டு. கூடவே 1 கிராம் வரை காட்டும் சமையல் தராசு. தராசைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் இரவல் வாங்கினேன். கேக் செய்கிறவர்கள் வீட்டில் நிச்சயம் இருக்கும்.

பேனா விஷயத்தில் மட்டும் கவனம். அடுப்படி நோட்டில் தண்ணீர் தெறிக்காமல் இருக்காது. மைப் பேனாவும் பல ஜெல் பேனாக்களும் ஈரம் பட்டால் பரவிவிடும். சாதாரணப் பந்துமுனைப் பேனாவின் மை எண்ணெயில் குழைத்தது, தண்ணீருக்குக் கரையாது. முதல் பக்கத்தை எழுதுமுன் ஒரு துண்டுத் தாளில் எழுதி, காயவிட்டு, ஈரக் கையால் தேய்த்துப் பாருங்கள்.

படி 3: கேட்டு எழுதாதீர்கள், கூட நின்று எழுதுங்கள்

இந்த வேலையின் உயிரே இந்தப் படியில்தான் இருக்கிறது.

நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து "அம்மாச்சி, புளி எவ்வளவு?" என்று கேட்டேன். "கண்ணு இருக்கு, கை இருக்கு, அப்புறம் என்னத்துக்குத் தாயி அளவு?" என்றார். அவர் எதையும் மறைக்கவில்லை. ஐம்பது வருஷமாகக் கை செய்கிற வேலையை வாய் எப்படிச் சொல்லும்? சமைத்துக்கொண்டிருக்கும்போது கேட்டால்கூட "கொஞ்சம்", "ஒரு சிட்டிகை", "போதுங்கிற வரைக்கும்" என்றுதான் பதில் வரும்.

அதனால் கேள்வியை நிறுத்திவிட்டுத் தராசைக் கொண்டுபோனேன். அவர் சமைக்கத் தொடங்குமுன் புளி ஜாடி, உப்பு ஜாடி, குழம்புத்தூள் டப்பா, எண்ணெய்ச் சட்டி என ஒவ்வொன்றையும் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் பாட்டுக்குக் கையால் அள்ளிப் போடட்டும். சமையல் முடிந்ததும் அதே ஜாடிகளை மறுபடி எடை போடுங்கள். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் வருவதுதான் அவருடைய "கொஞ்சம்". ஸ்பூனை நீட்டி நடுவில் தடுத்தால் அவர் கை தடுமாறும், அன்றைய குழம்பும் மாறிப்போகும்.

ஒரே பண்டத்தை மூன்று தடவை இப்படி அளந்தேன். "எலுமிச்சை அளவு புளி" முதல் நாள் 28 கிராம், அடுத்து 31, அதற்கடுத்து 30. நான் 30 என்று எழுதிக்கொண்டேன். மூன்று நாளும் எலுமிச்சை அளவென்றுதான் சொன்னார், கையும் கிட்டத்தட்ட அதையேதான் எடுத்தது. அந்தக் கையின் மேல் எனக்கு வந்த மரியாதையைச் சொல்லி முடியாது.

பழைய அளவைகள் வந்தால் பயப்பட வேண்டாம். 1956-இல்தான் நம் நாட்டில் மெட்ரிக் அளவைகளுக்குச் சட்டம் வந்தது. அதற்கு முன் பிறந்தவர்கள் படியிலும் பலத்திலும் சமையல் பழகியவர்கள். 2 ஆழாக்கு 1 உழக்கு, 2 உழக்கு 1 உரி, 2 உரி 1 படி. எடையில் 1 பலம் ஏறக்குறைய 35 கிராம், 8 பலம் 1 சேர், 5 சேர் 1 வீசை, அதாவது 1.4 கிலோ. முகத்தலளவை மட்டும் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், புத்தகக் கணக்கை நம்ப வேண்டாம். உங்கள் வீட்டு உழக்கையே வெறுமையாகத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொண்டு, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள், கூடிய எடைதான் கணக்கு. 1 கிராம் தண்ணீர் 1 மில்லி. எங்கள் வீட்டுப் பித்தளை உழக்கு 330 மில்லி பிடித்தது. ஆனால் அரிசி அளக்கும்போது அம்மாச்சி கோபுரமாகக் குவித்து அளப்பார். அதையும் சேர்த்து எழுத வேண்டும், இல்லையென்றால் கணக்குத் தப்பும்.

படி 4: பதத்தை எழுதுவது

எடை பாதிதான். மீதிப் பாதி கண்ணிலும் காதிலும் மூக்கிலும் இருக்கிறது. "10 நிமிடம் கொதிக்கவிடவும்" என்று எழுதினால் புனேவில் அவளுடைய அடுப்பு வேறு, பாத்திரம் வேறு. ஆகவே நிமிடத்தோடு அடையாளத்தையும் எழுதுங்கள்.

ரசம் கொதிக்கக் கூடாது, நுரை கூடி விளிம்பில் ஏறும்போது இறக்கு. குழம்பில் பச்சை வாசனை போய், எண்ணெய் ஓரத்தில் பிரிந்து மிதக்க வேண்டும். அதிரசத்துக்குப் பாகு ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் கரையாமல், விரலால் திரட்டினால் இளகிய உருண்டையாக வர வேண்டும். அந்தப் பாகை மட்டும் நான்கு போட்டோ எடுத்தேன். முந்தின பதம், சரியான பதம், தாண்டிய பதம் என்று வரிசையாக ஒட்டினால் ஒரு பக்கம் வசனம் மிச்சம்.

போனில் குரல்பதிவு ஓடட்டும். மிக்ஸிக்கும் புகைபோக்கிக்கும் தள்ளி வையுங்கள். எனக்கு அதில் கிடைத்தது சமையல் மட்டுமில்லை. கருப்பட்டி காய்ச்சும்போது அம்மாச்சி தன் அம்மாவைப் பற்றிச் சொன்ன இரண்டு நிமிஷம் இருக்கிறது. அதை நான் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

படி 5: அவர் இல்லாத அடுப்படியில் சமைத்துப் பாருங்கள்

இதைத் தவிர்க்கவே கூடாது. எழுதியதை மட்டும் வைத்துக்கொண்டு, யாரிடமும் கேட்காமல், உங்கள் வீட்டில் செய்யுங்கள். நான் முதல் வரைவில் உப்பை மட்டும் எடை போடாமல் "2 ஸ்பூன்" என்று எழுதியிருந்தேன். குழம்பு வாயில் வைக்க முடியாமல் கரித்தது. அம்மாச்சி போடுவது கல் உப்பு, நான் போட்டது தூள் உப்பு. கல் உப்பில் பரலுக்கும் பரலுக்கும் நடுவே இடைவெளி உண்டு, அதனால் அதே ஸ்பூனில் தூள் உப்பு கூடுதல் எடை நிற்கும். அன்றிலிருந்து உப்பு கிராமில்தான். புளி புதிதா பழையதா, தேங்காய் முற்றலா இளசா என்பதும் இப்படிச் செய்து பார்க்கும்போதுதான் தலைகாட்டும்.

சோதித்து முடித்த ஒரு பக்கம் இது:

*சுண்டவத்தல் குழம்பு, 4 பேருக்கு.* சுண்டைக்காய் வற்றல் 20 கிராம், புளி 30 கிராம், நல்லெண்ணெய் 60 மில்லி, உரித்த சின்ன வெங்காயம் 100 கிராம், பூண்டு 40 கிராம், குழம்புத்தூள் 25 கிராம், கல் உப்பு 9 கிராம், வெல்லம் 5 கிராம், தண்ணீர் 600 மில்லி. வற்றலை எண்ணெயில் கருகாமல் பொரித்து எடுத்துத் தனியே வை. அதே எண்ணெயில் கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, வெங்காயமும் பூண்டும் வாசனை வர வதக்கு. தூளைப் போட்டு ஒரு பிரட்டு, உடனே புளித்தண்ணீர். தாமதித்தால் தூள் கருகிக் கசக்கும். 20 முதல் 25 நிமிடம், எண்ணெய் மிதக்கும் வரை. பொரித்த வற்றலைக் கடைசி 5 நிமிடத்தில் சேர். வற்றலிலேயே உப்பு இருக்கும், ருசி பார்த்தபின் மிச்ச உப்பு.

படி 6: நல்ல கையெழுத்தில் எழுதுவது

தாள்களை நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகினால் 8 தாளுக்கு 32 பக்கம். நோட்டைத் திறந்தால் இடப் பக்கத்தில் சமையல், வலப் பக்கம் வெறுமையாக இருக்கட்டும். அது பெறுகிறவர் எழுதுவதற்கு. 12 பண்டத்துக்கு 24 பக்கம் போக மீதி 8 பக்கத்தில் பழைய அளவைக் கணக்கு, குழம்புத்தூள் அரைக்கும் விகிதம், இரண்டு போட்டோ வைக்கலாம். எழுதி முடிக்கும் வரை தாள்களைத் தைக்காதீர்கள். ஒரு பக்கம் பிழையானால் அந்தத் தாளை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் ஒரே தாளில் எந்தெந்தப் பக்கங்கள் வரும் என்று முதலிலேயே பென்சிலால் எண் போட்டுக்கொள்ளுங்கள்.

பண்டத்தின் பெயரை மட்டும் சமைப்பவரே தன் கையால் எழுதட்டும். அம்மாச்சி "கொளம்பு" என்று எழுதினார். அப்படியே விட்டேன். எழுத வராதவர் என்றால் ஒரு புள்ளிக்கோலம் போடச் சொல்லுங்கள், அட்டையின் உள்பக்கத்துக்கு அதைவிட அழகு கிடையாது.

படி 7: அட்டையும் தையலும்

அட்டைக்கு அம்மாச்சியின் பழைய சுங்குடிச் சேலையில் ஒரு துண்டு கேட்டு வாங்கினேன். மதுரைக்காரர்களுக்குச் சுங்குடி என்றால் தனிப் பிரியம்தான். சேலையைக் கேட்காமல் வெட்டிவிடாதீர்கள். எந்தச் சேலை எந்த நாளில் உடுத்தியது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

அட்டையை 30 சென்டிமீட்டருக்கு 21.5 சென்டிமீட்டராக வெட்டுங்கள். ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து அட்டையின் மேல் மெல்லிசாகத் தடவுங்கள். துணியில் தடவினால் நைந்த பருத்தியில் ஊறி மேல்பக்கம் கறை தெரியும். துணியை நாலு பக்கமும் 2 சென்டிமீட்டர் கூட விட்டு ஒட்டி, உள்ளே மடித்து ஒட்டி, கனமான புத்தகங்களை ஏற்றி ஓர் இரவு வையுங்கள். பைண்டிங் கடைகளில் மைதாப் பசை காய்ச்சி, பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது விஷம். அடுப்படியில் புழங்கும் நோட்டுக்கு வேண்டாம்.

மறுநாள் அட்டையை நடுவில் மடித்து, தாள்களை உள்ளே வைத்து, மடிப்புக் கோட்டில் மூன்று துளை இடுங்கள். நடுவில் ஒன்று, மேல் விளிம்பிலிருந்து 3 சென்டிமீட்டரில் ஒன்று, கீழ் விளிம்பிலிருந்து 3 சென்டிமீட்டரில் ஒன்று. நூல் 65 சென்டிமீட்டர். அதை மெழுகுவத்தியில் இரண்டு இழுப்பு இழுத்தால் சிக்காது, ஈரமும் ஏறாது. உள்பக்கமிருந்து நடுத்துளை வழியாக வெளியே போங்கள். மேல்துளை வழியாக உள்ளே வாருங்கள். உள்ளேயே நேராகக் கீழ்துளைக்கு இறங்கி வெளியே போங்கள். கடைசியாக நடுத்துளை வழியாக மறுபடி உள்ளே. இப்போது நூலின் இரு முனைகளும் நடுவில் ஓடும் நீளத் தையலுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இருக்க வேண்டும். இழுத்து இறுக்கி இரண்டு முடிச்சு. இழுக்கும்போது மடிப்புக் கோட்டின் திசையிலேயே இழுங்கள், குறுக்கே இழுத்தால் தாள் கிழியும்.

மேலே ஒரு கண்ணாடித்தாள் உறை, ஜூன் மாதம் பள்ளி நோட்டுக்குப் போடுவோமே, அதேதான்.

சமையல் ஒத்துவராதவர்களுக்கு

இதே முறை மற்றவர்களுக்கும் ஆகும். அப்பாவுக்கென்றால் பெட்டியில் கிடக்கும் பழைய இன்லண்ட் கடிதங்களைத் தேதி வரிசையில் அடுக்கி, படம் எடுத்துப் பக்கத்தில் ஒட்டுங்கள். மூலக் கடிதங்களைத் தைக்காதீர்கள். வெளியூர் போகும் தோழிக்கு, நீங்கள் இருவரும் சேர்ந்து திரிந்த தெருக்களின் வரைபடம் ஒன்று.

கல்யாணத்துக்கு முந்தின இரவு, மஞ்சள் பையில் வைத்துக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து அவள் ஒரு வலப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். "இங்கே சின்ன வெங்காயம் கிடைக்கலை. பெரிய வெங்காயம் போட்டேன், இனிப்பா இருந்துச்சு, வெல்லம் போடலை." அம்மாச்சிக்குப் படித்துக் காட்டினேன். "பெரிய வெங்காயமா?" என்று கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப புளி இன்னும் துளி கூடப் போடச் சொல்லு. அதையும் எழுதிக்கிடச் சொல்லு."

அந்தத் துளி எத்தனை கிராம் என்று நானும் அவளும் இன்னும் அளந்துகொண்டிருக்கிறோம்.