விழுந்தால் தானே எழும், கூட்டம் வந்தால் தானே பெருகும் சர்வர் குழு: முதல் முறை அமைப்பவர்களுக்கு

ஒரே ஒரு மெஷினில் தளம் ஓடிக்கொண்டிருக்கும் வரை அதற்கு வைத்தியர் நீங்கள்தான். ராத்திரி இரண்டு மணிக்குத் தொங்கினாலும் நீங்கள்தான் எழுந்து பார்க்க வேண்டும். திடீரென்று நாலு மடங்கு ஆட்கள் வந்தாலும் நீங்கள்தான் இன்னொரு மெஷினைக் கிளப்ப வேண்டும். இந்த இரண்டு வேலையையும் கிளவுட்டிடமே ஒப்படைக்க முடியும். கூகுள் கிளவுடில் இதற்கு மேனேஜ்டு இன்ஸ்டன்ஸ் குரூப் என்று பெயர், அமேசானில் ஆட்டோ ஸ்கேலிங் குரூப், அஷூரில் விர்ச்சுவல் மெஷின் ஸ்கேல் செட். பெயர்கள் வேறு, உள்ளே இருக்கும் யோசனை ஒன்றுதான். இங்கே கூகுள் கிளவுடை வைத்துச் செய்து பார்க்கலாம், எல்லாமே கன்சோல் (பிரவுசரில் திறக்கும் கட்டுப்பாட்டுப் பக்கம்) வழியாகத்தான், கமாண்ட் எதுவும் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

தொடங்கும் முன்: மெஷினுக்குள் எதையும் வைக்காதீர்கள்

பட்டனைத் தேடுவதற்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள். குழுவில் இருக்கும் எந்த மெஷினும் எந்த நிமிடமும் அழிக்கப்பட்டு, புது டிஸ்க்கோடு திரும்ப எழலாம். அப்போது அதில் பயனர் ஏற்றிய படம் இருந்தால் போச்சு, லாகின் செஷன் இருந்தால் போச்சு, நேற்று நீங்கள் உள்ளே நுழைந்து கையால் திருத்திய கான்ஃபிக் ஃபைலும் போச்சு. அதனால் ஃபைல்கள் மெஷினுக்கு வெளியே இருக்கும் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் என்ற ஃபைல் கிடங்குக்குப் போகட்டும், செஷன் ரெடிஸ் என்ற வேகமான தரவுச் சேமிப்புக்கோ டேட்டாபேஸுக்கோ போகட்டும், லாக் எல்லாம் உடனுக்குடன் வெளியே போய்விடட்டும். டேட்டாபேஸை இந்தக் குழுவுக்குள் வைக்கவே கூடாது.

இதைச் செய்யாமல் குழு அமைத்தால், மெஷின் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் ஒவ்வொரு தடவையும் உங்கள் டேட்டா கொஞ்சம் காணாமல் போகும்.

படி 1: டெம்ப்ளேட்

புது மெஷின் எப்படி இருக்க வேண்டும் என்ற அச்சுதான் இன்ஸ்டன்ஸ் டெம்ப்ளேட். கம்ப்யூட் எஞ்சின் பக்கத்தில் இன்ஸ்டன்ஸ் டெம்ப்ளேட்ஸ் என்பதற்குள் போய்ப் புதிதாக ஒன்று உருவாக்குங்கள். மெஷின் வகைக்கு இ2-ஸ்டாண்டர்டு-2 எடுத்துக்கொள்ளுங்கள், அதில் இரண்டு வி-சிபியு, அதாவது மெய்நிகர் சிபியு, இருக்கும். மைக்ரோ, ஸ்மால் போன்றவை மலிவுதான், ஆனால் அவை ஒரு கோரைப் பகிர்ந்துகொண்டு அவ்வப்போது எகிறும் வகை. சிபியு கணக்கு சில நேரம் 100 சதவீதத்தையும் தாண்டிக் காட்டும், அப்புறம் நாம் பின்னால் போடப்போகும் கணக்கு ஒத்து வராது. ஒரு மணி நேரச் சோதனைக்குப் பெரியதையே எடுத்துக்கொண்டு, முடிந்ததும் அழித்துவிடலாம்.

டெபியன் இமேஜ், எச்டிடிபி டிராஃபிக்கை அனுமதிக்கும் டிக், அவ்வளவு போதும். அப்புறம் ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட் என்ற பெட்டியில் மூன்று வேலை செய்யும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று போடுங்கள்: என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை நிறுவ வேண்டும், மெஷினின் பெயரையும் அது கிளம்பிய நேரத்தையும் முகப்புப் பக்கத்தில் எழுத வேண்டும், என்ஜின்எக்ஸைத் தொடங்க வேண்டும். பெயரையும் நேரத்தையும் ஏன் எழுதச் சொல்கிறேன் என்பது படி 5-இல் தெரியும், அதை விட்டுவிடாதீர்கள்.

ஒரு டெம்ப்ளேட்டை உருவாக்கிய பிறகு திருத்த முடியாது. மாற்றம் வேண்டுமென்றால் புதிதாக ஒன்று உருவாக்கி, குழுவை அதற்கு மாற்ற வேண்டும். முதலில் எரிச்சலாக இருக்கும். ஆனால் எந்த மெஷின் எந்த அச்சில் வார்த்தது என்பதில் ஒருபோதும் குழப்பம் வராது என்பதால் எனக்கு இது மிகவும் பிடித்த கட்டுப்பாடு.

படி 2: ஹெல்த் செக், இங்கேதான் நிதானம் வேண்டும்

தானே சரிசெய்துகொள்ளும் வேலை முழுவதும் ஒரே ஒரு கேள்வியில் தொங்குகிறது: "நீ நன்றாக இருக்கிறாயா?" அந்தக் கேள்வியை நீங்கள் தப்பாகக் கேட்டால், நன்றாக இருக்கும் மெஷின்களையும் குழு அழித்துப்போடும்.

எச்டிடிபி வகை ஹெல்த் செக் ஒன்றை உருவாக்குங்கள். போர்ட் 80. 10 நொடிக்கு ஒரு தடவை கேட்கட்டும், 5 நொடிக்குள் பதில் வர வேண்டும், தொடர்ந்து 3 தடவை பதில் வராவிட்டால் மட்டும் நோயாளி என்று முடிவு கட்டட்டும். அதாவது ஏறக்குறைய அரை நிமிடம் பொறுத்துப் பார்க்கிறோம். இதைவிட இறுக்கமாக வைக்க ஆசை வரும், வேண்டாம். ஒரு மெஷினை அழித்துத் திரும்ப எழுப்ப ஒன்றிரண்டு நிமிடம் ஆகும்போது, இரண்டு நொடித் திணறலுக்காக அதைக் கொல்வதில் அர்த்தம் இல்லை.

இப்போது ஃபயர்வால். ஹெல்த் செக் கேள்விகள் 35.191.0.0/16, 130.211.0.0/22 என்ற இரண்டு முகவரித் தொகுதிகளிலிருந்து வரும். எச்டிடிபி டிக்கைப் போட்டிருந்தால் போர்ட் 80 எல்லாருக்கும் திறந்திருக்கும், இந்தச் சோதனைக்கு அது போதும். நிஜ வேலையில் போர்ட்டை உலகத்துக்கே திறக்க மாட்டீர்கள் அல்லவா, அப்போது இந்த இரண்டு தொகுதிகளுக்கும் மறக்காமல் ஒரு விதி எழுத வேண்டும். மறந்தால் என்ன நடக்கும் என்றால், மெஷின் நன்றாகத்தான் ஓடும், கேள்வி அதன் காதுக்கே போகாது, பதில் வராததால் குழு அதை அழித்துப் புதிதாக எழுப்பும், அந்தப் புதியதற்கும் அதே கதிதான். முதல் முறை அமைப்பவர்கள் "மெஷின் நிற்கவே மாட்டேன் என்கிறது, மாறிக்கொண்டே இருக்கிறது" என்று சொன்னால் நான் முதலில் ஃபயர்வாலைத்தான் பார்க்கச் சொல்வேன்.

இன்னொன்று, இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முன்பு பராமரித்த ஒரு தளத்தில், ஹெல்த் செக் பக்கம் டேட்டாபேஸையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பதில் சொல்லும்படி எழுதியிருந்தேன். முழுமையான சோதனை என்று அப்போது தோன்றியது. ஒரு நாள் டேட்டாபேஸ் சில நிமிடம் நின்றது. வெப் மெஷின்களுக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் டேட்டாபேஸ் பதில் சொல்லாததால் அவையும் நோயாளிக் கணக்கில் சேர்ந்தன. குழு ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கியது. டேட்டாபேஸ் திரும்பி வந்தபோது வேலை செய்ய மெஷின் இல்லை, எழுந்து வந்தவை எல்லாம் ஒரே நேரத்தில் புதிய கனெக்‌ஷன்களைத் திறந்து டேட்டாபேஸை மறுபடியும் திணறடித்தன. சில நிமிடத் தடங்கலாக முடிய வேண்டியது ரொம்ப நேரம் இழுத்தது.

அன்றிலிருந்து என் விதி இது: ஆட்டோஹீலிங்குக்கான (தானே சரிசெய்துகொள்வதற்கான) ஹெல்த் செக், இந்த மெஷினை அழித்துத் திரும்ப எழுப்பினால் சரியாகிவிடும் கோளாறுகளை மட்டுமே சொல்ல வேண்டும். புராசஸ் தொங்கிவிட்டது, மெமரி கசிந்து நிரம்பிவிட்டது, டிஸ்க் நிறைந்துவிட்டது போன்றவை அந்த வகை. டேட்டாபேஸ் இல்லை என்பது அந்த வகை இல்லை.

வரும் டிராஃபிக்கை மெஷின்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் லோட் பேலன்சர் வைத்திருந்தால், அதற்குத் தனியாக இன்னொரு ஹெல்த் செக் வையுங்கள், அது கறாராக இருக்கலாம். அது ஒரு மெஷினுக்கு டிராஃபிக் அனுப்புவதைத்தான் நிறுத்தும், அழிக்காது. தேறியதும் திரும்ப அனுப்பும்.

படி 3: குழு

இன்ஸ்டன்ஸ் குரூப்ஸ் பக்கத்தில் நியூ மேனேஜ்டு இன்ஸ்டன்ஸ் குரூப், அதில் ஸ்டேட்லெஸ் வகை. டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடுங்கள். இடத்தைக் கேட்கும்போது ஒரே ஸோனில் (ஸோன் என்றால் கூகுளின் சர்வர்கள் இருக்கும் தனித்தனிப் பகுதி) வைக்காமல் மல்டிப்பிள் ஸோன்ஸ் என்பதைத் தேர்வு செய்யுங்கள். ஒரு ஸோன் முழுவதும் படுத்தாலும் மற்றவை தாங்கும்.

ஆட்டோஹீலிங் பகுதியில் நீங்கள் உருவாக்கிய ஹெல்த் செக்கைக் கொடுங்கள். கீழேயே இனிஷியல் டிலே இருக்கும், அது 300 நொடியாக இருக்கட்டும். புது மெஷின் எழுந்து, ஸ்கிரிப்ட் ஓடி, பதில் சொல்லத் தயாராகும் வரை குழு அதை நோயாளி என்று அழிக்காமல் பொறுத்திருக்கும் நேரம் இது. உங்கள் ஆப் தயாராக நான்கு நிமிடம் ஆகும்போது இங்கே 60 என்று போட்டால், எந்த மெஷினும் முழுதாக எழாமலே அழிந்துகொண்டிருக்கும். ஊகிக்காமல் அளந்து பாருங்கள்: மெஷின் கிளம்பியதிலிருந்து முதல் 200 பதில் (எச்டிடிபியில் 'எல்லாம் சரி' என்பதற்கான எண்) வரும் வரை எவ்வளவு நேரம் என்று மூன்று தடவை பார்த்து, அதிகபட்சத்தைவிடக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள்.

படி 4: எப்போது பெருக வேண்டும், எப்போது சுருங்க வேண்டும்

ஆட்டோஸ்கேலிங்கை ஆன் செய்யுங்கள். குறைந்தபட்சம் 2, அதிகபட்சம் 6, சிபியு இலக்கு 60 சதவீதம். இனிஷியலைசேஷன் பீரியட் என்று ஒன்று கேட்கும், அது இனிஷியல் டிலே இல்லை, குழப்பிக்கொள்ள வேண்டாம். எழுந்துகொண்டிருக்கும் மெஷினின் சிபியுவைக் கணக்கில் சேர்க்காமல் எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பதற்கானது அது.

கணக்கு எளிது. இப்போது உள்ள எண்ணிக்கையைச் சராசரிச் சிபியுவால் பெருக்கி இலக்கால் வகுத்து, மேல் நோக்கி முழு எண்ணாக்க வேண்டும். இரண்டு மெஷின் 90 சதவீதத்தில் ஓடினால் 2 × 90 ÷ 60 = 3. ஒன்று கூடும்.

இலக்கை ஏன் 90 என்று வைக்கக் கூடாது? புது மெஷின் வந்து சேர ஒன்றிரண்டு நிமிடமாவது ஆகும், அதுவரை வரும் கூட்டத்தைப் பழைய மெஷின்கள்தான் தாங்க வேண்டும். மீதி 40 சதவீதம் அதற்காக விட்டுவைத்த மூச்சு. உங்கள் மெஷின் எழ அதிக நேரம் எடுத்தால் இலக்கை இன்னும் குறைக்க வேண்டும். அல்லது தேவையானதை எல்லாம் முன்கூட்டியே நிறுவி ஒரு இமேஜாக எடுத்து வைத்து, எழும் நேரத்தைச் சுருக்க வேண்டும். இரண்டாவதுதான் நல்ல வழி.

அதிகபட்ச எண்ணை யோசித்துப் போடுங்கள், அது உங்கள் பில்லுக்கு வைக்கும் பூட்டு. கோட்டில் ஒரு முடிவில்லாத லூப் இருந்தாலும் ஆட்டோஸ்கேலர் அதைக் கூட்டம் என்றுதான் நினைக்கும்.

சிபியு எல்லாருக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளி ஏபிஐ, அதாவது வேறொரு சேவை தரும் பதிலுக்காகக் காத்திருப்பதே முக்கிய வேலையாக இருக்கும் ஆப்பில் சிபியு 20-இல் இருக்கும்போதே பயனர்கள் தவித்துக்கொண்டிருப்பார்கள். அங்கே லோட் பேலன்சரின் ரிக்வெஸ்ட் எண்ணிக்கையை வைத்துப் பெருக்குங்கள். க்யூவிலிருந்து, அதாவது காத்திருக்கும் வேலைகளின் வரிசையிலிருந்து, வேலை எடுக்கும் மெஷின்கள் என்றால் க்யூவின் நீளம்தான் சரியான அளவுகோல்.

படி 5: கெடுத்துப் பாருங்கள்

குழு கிளம்பியதும் இரண்டு மெஷின்கள் தெரியும், நீங்கள் வைத்த பெயரோடு நான்கு எழுத்து வால் ஒட்டியிருக்கும். ஒன்றின் வெளி ஐபியை பிரவுசரில் திறந்து, பெயரையும் கிளம்பிய நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மெஷினுக்குள் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து மெஷினுக்குள் நுழையும் வழி) பட்டன் வழியாக நுழைந்து என்ஜின்எக்ஸ் சேவையை நிறுத்துங்கள்.

இனிஷியல் டிலே முடிந்திருந்தால், அரை நிமிடம் கழித்துக் குழுவின் பக்கத்தில் அந்த மெஷினுக்கு எதிரே ரீகிரியேட்டிங் என்று வரும், அப்புறம் வெரிஃபையிங். உங்கள் எஸ்எஸ்ஹெச் ஜன்னல் அறுந்துபோகும். எல்லாம் பச்சையான பிறகு பக்கத்தைத் திறந்தால், ஐபி மாறியிருந்தால் புது ஐபியில் திறக்க வேண்டும், பெயர் அதேதான் இருக்கும், நேரம் மட்டும் புதியது. நேரத்தை எழுதாமல் விட்டிருந்தால் எதுவுமே நடக்கவில்லை என்று நினைத்திருப்பீர்கள்.

அடுத்து பெருகுவதைப் பார்க்கலாம். ஸ்ட்ரெஸ் என்ற சின்ன நிரலை நிறுவி, ஒரு மெஷினில் மட்டும் இரண்டு வி-சிபியுவையும் முழு வேகத்தில் ஓட்டுங்கள். காத்திருங்கள். ஒன்றும் நடக்காது! ஒன்று 100, இன்னொன்று ஏறக்குறைய 0, சராசரி 50, இலக்கு 60. ஆட்டோஸ்கேலர் பார்ப்பது குழுவின் சராசரியை மட்டும்தான்.

இரண்டாவதிலும் ஓட்டுங்கள். இப்போது 2 × 100 ÷ 60 = 3.33, அதாவது 4. சில நிமிடத்தில் நான்கு மெஷின் நிற்கும். புதிய இரண்டும் சும்மா இருப்பதால் சராசரி 50-க்கு இறங்கும், 4 × 50 ÷ 60 மறுபடியும் 3.33, ஆக நான்கிலேயே நிலைத்துவிடும். இந்த இடத்தைக் கன்சோல் வரைபடத்தில் கண்ணால் பார்த்துவிட்டால் ஆட்டோஸ்கேலிங் பற்றிப் பாதி பயம் போய்விடும்.

ஸ்ட்ரெஸை நிறுத்திய உடனே சுருங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கடந்த 10 நிமிடத்தில் இருந்த உச்சத் தேவையைப் பார்த்துத்தான் அது குறைக்கும். கூட்டம் போய்விட்டது என்று அவசரப்பட்டு மெஷினை அழித்து, அடுத்த நிமிடமே திரும்பக் கிளப்புவதைத் தவிர்க்கத்தான் இந்தப் பொறுமை.

அமேசான், அஷூர் பக்கம் போகிறவர்களுக்கு

டெம்ப்ளேட்டுக்கு அமேசானில் லாஞ்ச் டெம்ப்ளேட் என்று பெயர், இனிஷியல் டிலேக்கு ஹெல்த் செக் கிரேஸ் பீரியட். அங்கே ஒரு பொறி உண்டு: குழு தானாகப் பார்ப்பது மெஷின் உயிரோடு இருக்கிறதா என்பதை மட்டும்தான். மெஷின் ஓடிக்கொண்டே இருந்து ஆப் மட்டும் செத்துக் கிடந்தால் அதற்குத் தெரியாது. லோட் பேலன்சர் ஹெல்த் செக்கையும் பார் என்று நீங்கள் தனியாக ஆன் செய்ய வேண்டும். அஷூரிலும் ஸ்கேல் செட்டில் தானியங்கிப் பழுதுநீக்கத்தை நீங்கள்தான் ஆன் செய்ய வேண்டும்.

படி 6: அழிப்பது

மெஷின்களின் பட்டியலுக்குப் போய் ஒவ்வொன்றாக அழித்தால் குழு அவற்றைத் திரும்ப எழுப்பிவிடும், அதன் வேலையே அதுதான். இன்ஸ்டன்ஸ் குரூப்ஸ் பக்கத்துக்குப் போய்க் குழுவையே அழியுங்கள், மெஷின்கள் அதோடு போகும். லோட் பேலன்சர் அமைத்திருந்தால் முதலில் அதை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் குழு பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லி அழிக்க விடாது. டெம்ப்ளேட்டுக்குக் காசு இல்லை, அடுத்த சோதனைக்கு அது அப்படியே இருக்கட்டும்.