நெஞ்சுவலியோடு வந்தவரின் ஈ.சி.ஜி.: ஆபத்தை அளப்பது எப்படி

பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்கோ, பினாங்கில் ஓர் அவசரப் பிரிவோ, நெஞ்சுவலி என்று ஒருவர் வந்த 10 நிமிடத்துக்குள் 12 லீட் (இதயத்தைப் பன்னிரண்டு கோணங்களில் பார்க்கும் பதிவு) ஈ.சி.ஜி. எடுத்து, படிக்கத் தெரிந்தவர் கையில் கொடுத்துவிட வேண்டும். அடையாள அட்டை, பதிவு எல்லாம் பிறகு. "வாயுப் பிடிப்புதான்" என்று அவரே சொன்னாலும் இதே விதிதான். சர்க்கரை நோயாளிகளும் முதியவர்களும் வலியே இல்லாமல் மூச்சுத்திணறலோடோ வாந்தியோடோ வருவதுண்டு.

வியர்வையைத் துடைத்து, முடி இருந்தால் மழித்துவிட்டு ஒட்டுங்கள். ஏர்கான் குளிரில் நடுங்கினால் கோடும் நடுங்கும், போர்வை கொடுங்கள். அதிகம் தவறுவது மார்பில் ஒட்டும் வி1, வி2. மார்பெலும்பின் மேற்பகுதியில் விரலுக்குத் தட்டுப்படும் மேட்டின் பக்கத்தில் இருப்பது இரண்டாம் விலா. அதற்குக் கீழே உள்ளது இரண்டாம் இடைவெளி. அங்கிருந்து நான்காவது வரை எண்ணி இறங்குங்கள். ஓர் இடைவெளி மேலே ஒட்டிவிட்டால் ஆர் அலை (ஒவ்வொரு துடிப்பிலும் மேலே எழும் கூர்முனை) சுருங்கி, இல்லாத பழைய மாரடைப்பு தாளில் தெரியும். லீட் 1 முழுக்கத் தலைகீழாகவும் ஏவிஆர் லீட் நிமிர்ந்தும் இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கை வயர்கள் மாறியிருப்பதை.

தாளில் வேகம் 25 மி.மீ./வினாடி, உயரம் 10 மி.மீ./மில்லிவோல்ட் என்று பாருங்கள். உயரம் 5 என்று இருந்தால் 2 மி.மீ. ஏற்றம் 1 மி.மீ. போலத்தான் தெரியும். மெஷின் அச்சிட்ட முடிவை மூடி வைத்துவிட்டு நீங்களே அளப்பது நல்லது.

கூர்முனை முடிந்து எஸ்.டி. பகுதி தொடங்கும் ஜே புள்ளியில் அளக்கவும். அடுத்தடுத்த இரண்டு லீடுகளில் புதிய எஸ்.டி. ஏற்றம் 1 மி.மீ. இருந்தால் போதும், அவசர மாரடைப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். வி2, வி3இல் மட்டும் அளவு வேறு: 40 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்களுக்கு 2, அதற்குக் கீழ் 2.5, பெண்களுக்கு 1.5. இந்த அளவு வந்துவிட்டால் மேற்கொண்டு ஆராய்ச்சி வேண்டாம். 120 நிமிடத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி கிடைக்குமா என்பதே அடுத்த கேள்வி. கிடைக்காதென்றால், மருத்துவத் தடை இல்லாதவருக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி. பினாங்குத் தீவின் மறுபக்கமான பாலிக் பூலாவில் இருப்பவர் மலைப்பாதை நெரிசலையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஏற்றம் இல்லாத தாள்களில்தான் ஆபத்து ஒளிந்திருக்கும். வி1 முதல் வி3 வரை எஸ்.டி. இறங்கி, ஆர் உயர்ந்து, டி அலை (எஸ்.டி.யை அடுத்து வருவது) நிமிர்ந்திருந்தால் அது இதயத்தின் பின்சுவர் மாரடைப்பாக இருக்கலாம். வி6இன் மட்டத்திலேயே முதுகுப்பக்கம் வி7, வி8, வி9 வையுங்கள், அங்கே 0.5 மி.மீ. ஏற்றமே போதும். ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட லீடுகளில் 1 மி.மீ. இறங்கி ஏவிஆர் ஏறியிருந்தால் இடது பிரதான ரத்தக்குழாயையோ பல குழாய் அடைப்பையோ நினையுங்கள். கடும் ரத்தப்போக்கும் இப்படிக் காட்டும் என்பதால் ஹீமோகுளோபினையும் பாருங்கள். வி2, வி3இல் டி அலை பாதி ஏறிப் பாதி இறங்கியோ, ஆழமாகக் கவிழ்ந்தோ இருக்க, நோயாளி வலி போய்விட்டது என்று சிரிக்கிறாரா? இதை வெல்லன்ஸ் அறிகுறி என்பார்கள். முன்புறக் குழாயில் கடும் அடைப்பு இருக்கலாம். இவரை டிரெட்மில்லில் ஏற்றக்கூடாது.

லீட் 2, 3, ஏவிஎஃப்பில் ஏற்றம் என்றால் வலப்பக்க மார்பில் ஒட்டும் வி4ஆர் எடுக்காமல் நாக்கடியில் நைட்ரேட் (ரத்தக்குழாயை விரிக்கும் மருந்து) வைக்காதீர்கள். வலது கீழறை பாதிக்கப்பட்டிருந்தால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும்.

எஸ்.டி. இறக்கம் எவ்வளவு ஆழம், எத்தனை லீடுகளில் என்பதைப் பொறுத்து ஆபத்து கூடும். ஆபத்தைப் புள்ளியிட்டு மதிப்பிட டிமி, கிரேஸ் என்று இரண்டு கணக்குகள் உண்டு. டிமி கணக்கில் 0.5 மி.மீ. மாற்றத்துக்கே ஒரு புள்ளி. கிரேஸ் கணக்கில் வயது, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், கிரியாட்டினின் போன்றவற்றோடு எஸ்.டி. மாற்றமும் சேரும்.

முதல் தாள் சுத்தமாக இருந்தாலும் வலி தொடர்ந்தால் ஒட்டியவற்றைக் கழற்றாமல் 15 முதல் 30 நிமிட இடைவெளியில் முதல் ஒரு மணி நேரம் மீண்டும் மீண்டும் எடுங்கள். ஒவ்வொரு தாளிலும் நேரத்தையும், அப்போது வலி இருந்ததா என்பதையும் எழுதுங்கள். பழைய ஈ.சி.ஜி.யைக் கேட்டு வாங்குங்கள். வெப்பத்தாள் பிளாஸ்டிக் உறையில் மங்கிவிடும் என்பதால் நகல் எடுத்துக் கொடுத்தனுப்புவது உத்தமம். இதய மருத்துவருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பும்போது பெயரை மறைத்து, 12 லீடுகளும் அளவுக்குறியும் முழுசாகத் தெரிகிற மாதிரி நேர் மேலிருந்து எடுங்கள். சாய்த்து எடுத்த படத்தில் 1 மி.மீ. காணாமல் போய்விடும்.