புளியங்கொட்டையில் பிரஷர் பாடம்

அம்மாவின் கிளினிக் கொப்பியில் எனலாப்ரில் என்ற பிரஷர் குளிசையை வெட்டிவிட்டு லொசார்டன் என்ற இன்னொன்றை எழுதியிருந்தார்கள். "ஏன் மகன் மாற்றினார்கள்?" என்று கேட்டார். வாயால் சொன்னது விளங்கவில்லை. களுவாஞ்சிகுடி வீட்டு விறாந்தையில் புளியங்கொட்டையைப் பரப்பிய பிறகுதான் விளங்கியது. முப்பது கொட்டையும் ஒரு வெண்கட்டியும் இருந்தால் நீங்களும் செய்யலாம்.

தரையில் ஈரல், சிறுநீரகம், நுரையீரல் என்று மூன்று வட்டம் போடுங்கள். ஈரலிலிருந்து கொட்டைகளை வரிசையாக அடுக்குங்கள். இதுதான் ஆஞ்சியோடென்சினோஜன் என்ற புரதம். உண்மையில் அதில் 400க்கு மேற்பட்ட அமினோ அமிலங்கள் உண்டு. அத்தனை புளிக்கு எங்கே போவது!

குருதியமுக்கம் இறங்கினால் சிறுநீரகம் ரெனின் என்ற நொதியத்தை விடும். அது ஒரு கத்தரிக்கோல். வரிசையின் தலைப்பக்கத்தில் 10 கொட்டையைப் பிரித்தெடுங்கள்: ஆஞ்சியோடென்சின் 1. இதற்குப் பெரிய வலுவில்லை.

அந்தப் பத்தையும் நுரையீரலுக்குள் தள்ளுங்கள். அங்கே குருதிக்குழாய்ச் சுவரில் ஏ.சி.ஈ. என்ற இன்னொரு கத்தரி காத்திருக்கிறது. கடைசி இரண்டை அது நறுக்கிவிடும். மிஞ்சும் எட்டுத்தான் ஆஞ்சியோடென்சின் 2, நம் கதாநாயகன். குருதிக்குழாய்களை இறுக்குவான், அதிரீனல் சுரப்பியைத் தட்டி அல்டோஸ்டரோன் என்ற ஹோர்மோனை விடவைத்து உப்பையும் நீரையும் தேக்குவான், தாகத்தையும் கிளப்புவான். குழாயின் வாயை விரலால் அமுக்கிக்கொண்டு தொட்டியிலும் நீரை நிரப்பினால் பீய்ச்சியடிக்காதா?

இனிக் குளிசைகள். எனலாப்ரில் அட்டையை நுரையீரல் வட்டத்தின்மேல் வையுங்கள், கத்தரி மழுங்கிவிடும். ஆனால் பிரடிகைனின் என்ற பொருளைச் சிதைப்பதும் அதே கத்தரிதான். அது சிதையாமல் தேங்குவதால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். அம்மா இரவெல்லாம் இருமியபோது மாரிக் குளிரென்று நினைத்து மூன்று வாரம் மல்லித்தண்ணீர் அவித்துக் கொடுத்த புத்திசாலி நான்.

லொசார்டனை வேறிடத்தில் வையுங்கள்: குருதிக்குழாயின் வாசலில். எட்டுக் கொட்டையும் உருவாகி வந்து நிற்கும். வாசல் பூட்டுக்குள் லொசார்டன் என்ற வேறு சாவி கிடப்பதால் கதவு திறக்காது. கத்தரியைத் தொடாததால் இருமலும் அரிது.

கர்ப்பிணிகளுக்கு இரண்டுமே ஆகாது. நீங்களாக நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். இரண்டும் உடலில் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடியவை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது ஆபத்து. இளநீரிலும் பொட்டாசியம் நிறைய உண்டு. தினமும் ஒரு செவ்விளநீர் வெட்டச் சொன்ன அம்மா, இப்போது டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் மரத்தை அண்ணாந்து பார்க்கிறார்.